மோகனப்ரியாவின் மூன்று விரல்கள்

மோகனப்ரியாவைப் பற்றி யாராவது "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். பாவமாம். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவள்தான். நகரியில் ஏறுவோம், பிச்சாட்டூர், சத்தியவேடு வழியாக ஸ்ரீசிட்டி ஃபேக்டரிக்குப் போவோம், ஒரே பேக்கிங் பிரிவில் நிற்போம். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவளுக்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் விசைத்தறியில் போனது. இங்கே வேலை கேட்டு வந்தபோது சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். மெஷின் லைனில் போடாமல் பேக்கிங்கில் போட்டுவிட்டார். "செஞ்சு காட்டறதுக்கு முன்னாடியே கையப் பார்த்து முடிவு பண்ணிட்றாங்கக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும். அதனால் போனில் அவள் ஆடுகிற சண்டை ஆட்டமெல்லாம் பஸ்ஸில்தான். நானோ ஏறினதும் தூங்குகிற ஆள். என் தூக்கத்தைக் கெடுத்துக் கெடுத்தே அவள் ஆடுகிற இரண்டு ஆட்டங்களைப் பற்றியும் எனக்குப் பாடம் எடுத்துவிட்டாள். ஒன்று டைட்டன் ஃபீல்டு. பெரிய கம்பெனி செய்தது. புல் அசைவது தெரியும், தோட்டா பட்டால் சுவரில் காரை உதிரும், பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் சுடுகிற பட்டன் வலது மூலையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும், நகர்த்த முடியாது. இவள் கொஞ்சம் தாமதித்தால் போதும், கூட ஆடுகிற முகம் தெரியாத தடியன்கள் மைக்கில் பேசுகிற பேச்சை நான் இங்கே எழுத மாட்டேன். பெண் குரல் என்று தெரிந்தால் இன்னும் மோசம்.

இன்னொன்று கோட்டா வார். யாரோ நாலு பேர் சேர்ந்து செய்தது. அதில் ஆட்கள் நடப்பதைப் பார்த்தால் முட்டிவலிக்காரர்கள் மாதிரி இருக்கும், நடுவில் நின்றும் போகும். ஆனால் எந்தப் பட்டனையும் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைத்துக்கொள்ளலாம். பிச்சாட்டூர் ஏரியோரம் சிக்னல் போய்விடும். டைட்டன் ஃபீல்டில் அப்படிப் போனால் பாதியில் ஓடியவள் என்று அபராதம் போடுவார்கள். கோட்டா வாரில் இவள் "ஏரி வருது" என்று தட்டிவிட்டால் போதும், எங்கேயோ ஸ்ரீகாகுளத்தில் இருக்கிற ஒருவன் "பர்வாலேது அக்கா, மேமு காஸ்தாம்", பரவாயில்லை, நாங்க காவல் காக்கிறோம் என்று தெலுங்கில் பதில் போட்டுவிட்டு, சிக்னல் வருகிறவரை இவள் பொம்மைக்குக் காவல் நிற்பான்.

எனக்குக் கோட்டா வார்தான் பிடித்தது. ஆனால் திருப்பதியில் போன் ஆட்டப் போட்டி வைத்தவர்கள் டைட்டன் ஃபீல்டைத்தான் வைத்தார்கள்.

அணிக்கு நாலு பேர். எங்கள் பஸ்ஸிலிருந்து மோகனப்ரியா, குணா, கீர்த்தி, அருள்குமார் என்று பெயர் கொடுத்திருந்தார்கள். கடைசி சீட்டு அருள்குமார்தான் கேப்டன். நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"கோச்சிக்காதக்கா. அந்த கேம்ல உன்னால முடியாது. உன் எடத்துல நம்ம பஸ்ஸு யஸ்வந்த போட்டுக்கறேன்" என்றான்.

"முடியாதுன்னு யாரு பார்த்தது?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லத நான் பார்த்துக்கறேன். மொத ஆட்டம் நான் ஆடறேன். நம்ம நாலு பேர்ல நான் மொதல்ல செத்தா, ரெண்டாவதுக்கு யஸ்வந்த் உக்காரட்டும்."

கையில் பிடித்து ஆடினால்தானே கட்டைவிரல் வேண்டும்? சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்து, அதன்மேல் போனைப் படுக்கப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டினாள். தறியில் அறுந்த இழையை எடுப்பதுபோல மிச்ச மூன்று விரல்களையும் மேலிருந்து இறக்கினாள். ஆடி மாதம் முழுக்கப் போகவும் வரவும் அதே வேலை. எவனாவது திட்டினால் மைக்கை மூடிவிட்டுத் தொடர்ந்து ஆடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். வீட்டில் திருச்சானூர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் துணைக்குப் போனேன். அவள் டப்பாவை எடுத்து வைத்ததும் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன் வந்தான்.

"ஸ்டாண்டு அலவ் லேதண்டி. போன் கையிலதான் இருக்கணும்."

அருள்குமார் உடனே யஸ்வந்த் பக்கம் திரும்பினான். மோகனப்ரியா எழுந்திருக்கவில்லை. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"கையிலன்னா யாரு கையில? அது உங்க ரூல்ல கீதா?"

அவன் தன் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். இல்லை. நான் அவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்தேன். போனை அதில் வைத்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவள் சுட்டதெல்லாம் குறி தவறிப் போனது. அவள் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

"பத்மினிக்கா, ஏன் இப்படி சிலையாட்டம் உக்காந்துகினு கீற?"

"அசையக்கூடாதுன்னு மூச்ச அடக்கிக்கினு கீறேன்டி."

"அதான் தப்பு. பஸ்ஸு குலுங்கறத கணக்கு வெச்சுதான் எனக்கு வெரல் எறங்குது. ஆட்டுக்கா."

என்ன கர்மம் இது என்று நினைத்தேன். ஆனால் சத்தியவேடு ரோடு என் உடம்புக்கு மனப்பாடம். பள்ளத்துக்கு ஒரு குலுக்கு, வளைவுக்கு ஒரு சாய்ப்பு, வேகத்தடைக்கு ஒரு தூக்கு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் விரல் இறங்கியது, எதிரி ஒருவன் விழுந்தான்.

அப்புறம் எங்கள் பக்கம் குணா விழுந்தான், கீர்த்தி விழுந்தாள், அருள்குமாரும் விழுந்தான். எதிரில் இரண்டு பேர் மிச்சம். நான் ஏரிக்கரை வளைவுக்குக் கையைச் சாய்த்தேன், அவள் ஒருவனைச் சாய்த்தாள். அடுத்த குலுக்கலில் இன்னொருவனும் போனான். திரையில் அவள் பொம்மை மட்டும் நின்றது.

தோளிலிருந்து மணிக்கட்டு வரை எனக்கு நெருப்பாக எரிந்தது. இரண்டாவது ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். யஸ்வந்த் தன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். அருள்குமார் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ போய் பத்மினி அக்காவுக்கு ஒரு டீயும் தைலமும் வாங்கினு வா" என்றான். "அவங்க கை விழுந்துட்டா நாம எப்படி ஆடறது?"