எல்லாப் பிள்ளைகளுக்காகவும்

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் தமிழ்த் திருப்பலி மாதம் ஒருமுறைதான். விசுவாசிகளின் மன்றாட்டுகளைக் குடும்பங்கள் முறைவைத்து வாசிக்கும். அந்த மாதம் மன்னாரிலிருந்து வந்த ஓர் அன்ரியின் முறை. முதியோர் இல்லமொன்றில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்பவர். சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் நூலகத்துக்கு முன்னால் பாலஸ்தீனச் சிறுவர்களுக்காகப் பதாகை பிடித்து நிற்பதுண்டு. ஷிப்ட் முடிந்து போகிற வழியில் அவரும் சற்று நேரம் எங்களோடு நிற்பார். அந்தப் பழக்கத்தில்தான், தமக்கு ஒரு மன்றாட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்.

நான் எழுதியது இரண்டே வரி. இராணுவத்தால் வீடுகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, இராணுவ நீதிமன்றங்களில் நிறுத்தப்படும் பாலஸ்தீனச் சிறுவர்களுக்காக; அவர்கள் தாய்தந்தையரிடம் திரும்பிச் சேர்வதற்காக.

திருப்பலிக்கு முன் அதை எங்கள் தமிழ்த் திருப்பலிக் குழுவின் தலைவர் வாங்கிப் பார்த்தார். ஜெர்மனியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கே வந்து பலசரக்குக் கடை நடத்துபவர்.

"பிள்ளை, படிச்சனீங்கள், யோசியுங்கோ. மண்டபம் பங்குக் கோயிலின்ர, எங்கடை இல்லை. ஆரும் முறைப்பாடு குடுத்தாக் காணும், இதுக்குள்ள நடக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடமும் சேர்ந்து தெருவில நிக்கும். 'துன்புறும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும்' எண்டு மாத்தினா ஆண்டவருக்கு விளங்காதோ?"

அவரைக் கோழை என்று நான் எண்ணவில்லை. அங்கே தமிழ் படிக்கும் பிள்ளைகளை எனக்கும் தெரியும். எங்கோ அடைபட்டிருக்கும் சிறுவனுக்கு இந்த இரண்டு வரியால் கிடைக்கக்கூடியது எது, இங்குள்ளவர்கள் இழக்கக்கூடியது எது என்று எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னதே நியாயமாகப் பட்டது. பேனாவை எடுத்தேன்.

அன்ரி தாளை என் கையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டார்.

"என்ர தம்பியை ஆமி பிடிச்ச கிழமையும் ஊர்க் கோயில்ல இப்பிடித்தான் மன்றாடினவை. துன்பப்படுற எல்லாருக்காகவும். பள்ளிக்கூடச் சட்டையோட போனவன். அந்த எல்லாருக்குள்ளயும் அவன் இருக்கிறானோ எண்டு முழங்கால்ல நிண்டு தேடினன், அண்ணை. காணேல்லை. பிறகு அவன் வரவும் இல்லை."

"எனக்கு இது தெரியாது, தங்கச்சி."

"ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் சொல்லுறன்."

நான் எழுதியிருந்ததை அப்படியே அன்ரி திருப்பலியில் வாசித்தார். 'இராணுவத்தால்' என்ற இடத்தில் குரல் இடறியதால் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க நேர்ந்தது. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்ற பதில் வழக்கமாக ஒரே குரலாய் எழும்; அன்று பிய்ந்து பிய்ந்து வந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

திருப்பலி முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தலைவர் எங்களிடம் வந்தார்.

"மண்டபம் தந்த பங்குக் குருவானவர் கேட்டு விட்டிருக்கிறார், என்ன வாசிச்சது எண்டு. ஆரோ அதுக்கிடையில போய்ச் சொல்லிப்போட்டினம். செவ்வாய்க்கிழமை வரட்டாம்."

"நான் வாறன். ஆனா கதைக்கிறது நீங்கள்தான், அண்ணை. எனக்கு இங்கிலிஷ் காணாது."

"எனக்கு மட்டும் காணுமோ? ஜெர்மனியில பழகின டொச்சில கேட்டாரெண்டாச் சமாளிப்பன்."

அன்ரி சிரித்தார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியைப் பற்றி அங்கே சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"சொல்லுங்கோ. பேரையும் சொல்லுங்கோ." கோப்பையைக் கீழே வைத்தார். "மண்டபம் போச்செண்டா, பிள்ளை? இங்க படிக்கிறதுகள் என்னைத் திட்டுங்களோ?"

திட்டக்கூடும் என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.