கிடங்கில் இருந்த பழைய பதிப்பு

அலுவலகத்தில் அவரைக் ‘குடைச்சல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணினியில் எது கெட்டாலும் உள்ளே புகுந்து குடைந்து காரணத்தைப் பிடிக்காமல் விடமாட்டார். சரக்குக் கம்பெனியில் புரோகிராம் எழுதுவது அவர் வேலை.

கம்பெனி மெயில் சர்வரை மாற்றியது. பழைய பதிப்பு மெயில் மென்பொருள் உள்ள கணினிகளுக்கு இனி மெயில் வராது. எதில் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கக் குடைச்சல் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். மென்பொருளை ஏற்றும்போது கணினி அதன் பதிப்பு எண்ணை உள்ளே குறித்துக்கொள்ளும். புரோகிராம் அந்தக் குறிப்பைப் படித்துச் சொல்லும். கிடங்குக் கணினியில் இருப்பது புதியது என்று சொன்னது. அவரும் விட்டுவிட்டார்.

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் கிடங்குக்காரர் அந்தக் கணினியில் மெயிலை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். கப்பலில் வேலை செய்யும் அவருடைய தம்பி மட்டும் கிடங்கு மெயில் முகவரிக்கு எழுதுவான். ஒரு வாரமாக எதுவும் வரவில்லை. “கடல்ல சிக்னல் கிடைச்சிருக்காது” என்று இருந்துவிட்டார்.

கடைசியில் கப்பல் கம்பெனிக்காரர்கள் அலுவலக நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார்கள். தம்பி ஏதோ ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தான்.

“மெயில் மேல மெயில் போட்டோமே, பாக்கலையா?” என்றார்கள்.

குடைச்சல் கிடங்குக்கு ஓடினார். யாரோ எப்போதோ புதிய பதிப்பை ஏற்றிப் பார்த்து, பிடிக்காமல் எடுத்துவிட்டுப் பழையதையே போட்டிருந்தார்கள். குறிப்பு மட்டும் அழியாமல் கிடந்தது. மென்பொருள் கோப்பையே திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரிசெய்ததும் மெயில்கள் மொத்தமாக வந்து விழுந்தன. தம்பிக்குக் காய்ச்சல் என்று கப்பல் கம்பெனியிலிருந்து ஒன்று. அண்ணனிடம் போனில் பேச வேண்டுமாம், நம்பர் அனுப்புங்கள் என்று இன்னொன்று. இறந்துவிட்டான், உடலை என்ன செய்வது என்று கடைசியாக ஒன்று. கிடங்குக்காரர் பின்னால் நின்று படித்தார்.

“அண்ணே, தப்பு என்னோடதுதான். நான் நேர்ல வந்து பாத்திருக்கணும்” என்றார் குடைச்சல்.

கிடங்குக்காரர் கடைசி மெயிலை இன்னொரு தடவை படித்தார். பிறகு, “அவங்க பதில் கேக்குறாங்கல்ல? எனக்குக் கை ஓடலை. நீயே எழுது” என்றார்.

“என்னன்னு எழுதண்ணே?”

“உடம்பை அனுப்பச் சொல்லு. அவன் பேசணும்னு கேட்டது எனக்குத் தெரியாதுன்னும் எழுது.”

குடைச்சல் எழுதினார். இரண்டாவது வரியில் எழுத்துகள் மங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடித்ததை அழித்து மறுபடி அடித்தார்.

கிடங்குக்காரர் அவரைத் திட்டவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு முன்புபோல டீ குடிக்கக் கூப்பிடவும் இல்லை.