ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன்

எனக்குக் கேட்டது. ஒவ்வோர் அடியும் கேட்டது! ஆனால் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் கேட்கவில்லை என்று பொய் சொன்னேன்.

இதைச் சொல்லும்போதே உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறேன். யாரிடம் போய் ஓதப்போகிறீர்களோ... உங்களையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எண்பதுகளில், ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், எனக்கும் மரியாளுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். அவள் புருஷன்தான் எங்கள் மேஸ்திரி. நாளைக்கு யாருக்கு வேலை, யாருக்கு எந்தச் செடி வரிசை என்று சொல்கிறவன். குடித்துவிட்டு வந்தால் அவளை அடிப்பான். அவள் சுவரில் தட்டுவாள். நான் அம்மிக் குழவியால் இந்தப் பக்கம் இடிப்பேன். பக்கத்தில் ஆள் விழித்திருக்கிறது என்று தெரிந்ததும் கையை நிறுத்துவான். இது நாங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டது.

ஒருநாள் அவள் கை முறிந்துபோயிற்று. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி ஏற்காடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்! ஆனால் புகார் கொடுத்தால் அடுத்து என்ன நடக்கும்? எனக்குத் தெரியவில்லை. முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாங்க போங்க என்று பேசினார். காபி கொடுத்தேன்.

"வேண்டாமுங்கம்மா. விசாரிக்க வந்த ஊட்டுல நான் ஒண்ணும் குடிக்கிறதில்லீங்க."

எங்கள் மலையில் பகையாளி வீட்டில்தான் கை நனைக்க மாட்டார்கள். கொடுத்த காபியைத் தொடாதவன் எப்படி நம் ஆளாவான்? மேஸ்திரி அனுப்பி என் வாயைப் பிடுங்க வந்தவனோ? இந்த மரியாள்தான் ஆகட்டும், இத்தனை வீடுகள் இருக்க என் பேரை ஏன் சொன்னாள்?

"நீங்க ஒருத்தர் சொன்னாப் போதுங்க. கேஸ் எழுதிட்டு, மரியாளை வாழவந்தியில அவங்கம்மா ஊட்டுல கொண்டுபோய் விட்டுருவேன்."

"ஒண்ணுமே கேக்கலீங்க சார்... நான் படுத்தா பொணமுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். குழவி இடித்து இடித்துக் காரை பெயர்ந்து, அங்கே குழி விழுந்திருந்தது. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாட்சி இல்லை. புருஷன் பெண்சாதி இருவருக்கும் புத்திமதி சொல்லி, ஒரே பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரி ஸ்டேஷனுக்கு வாங்கிக்கொண்டு போன பிரியாணியைத் தொடாதவர் என்னை விசாரிக்க வந்த அந்த ஒருவர்தானாம். நான் யாரைச் சந்தேகப்பட்டேன், பார்த்தீர்களா!

மறுநாள் மேஸ்திரி எனக்கு நல்ல காய்ப்புள்ள வரிசையை ஒதுக்கினான். பறித்தேன்... வெட்கமில்லாமல் பறித்தேன்.

அதற்குப் பிறகு சுவரில் தட்டும் சத்தம் வரவேயில்லை. வீங்கிய உதட்டோடு பழம் பறிக்க வந்தவளிடம் ஒருநாள் கேட்டேன்: "ஏங்கண்ணு, ஒரு தட்டுத் தட்டக்கூடாதா?"

அவள் கூடையிலிருந்து நிமிரவில்லை. "உங்களுக்குத்தான் கேக்காதுங்களேக்கா."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பிறகும் அதே சுவரோரம்தான் படுத்தேன். அடி விழும் சத்தம் கேட்கும். அவள் சத்தம் மட்டும் வராது. குழவி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது... எந்த முகத்தோடு இடிப்பேன்? நான் அதை எடுக்கவேயில்லை.