யார் மேலும் பழி விழாத வார்த்தை

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘துரதிர்ஷ்டம்’. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் துரதிர்ஷ்டம். காது கேளாத குழந்தைகளுக்கு இலவசமாகக் கருவி கொடுக்கும் அலுவலகம் அது. ‘கிடையாது’ என்று போகிற கடிதமெல்லாம் அவர் மேசையிலிருந்துதான் போகும். அவர் எழுதிக் கொடுப்பார், பக்கத்து மேசையில் நான் தட்டச்சு செய்வேன். ஒவ்வொரு கடிதமும் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்றுதான் தொடங்கும். பத்தொன்பது வருஷமாக அதைத் தட்டித் தட்டி என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் எரிந்து விழுந்தேன். இல்லை என்று நேராக எழுதித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அது யார் மேலயும் பழி விழாத வார்த்தைம்மா. வாங்குறவங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.”

அந்தப் பழக்கம் அவர் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. டீ தீர்ந்தால் துரதிர்ஷ்டவசமாகத் தீரும். லிஃப்ட் துரதிர்ஷ்டவசமாக நிற்கும். கணவர் இறந்த அன்று காலையில் விடுப்புக் கேட்டு ஃபோன் செய்தபோதுகூட, துரதிர்ஷ்டவசமாக அவர் போய்விட்டார், இன்றைக்கு வர முடியாது என்றார். ஃபோனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன். அடுத்த வாரம் அவர் வந்து பழையபடி எழுத உட்கார்ந்துவிட்டார். இரண்டு தோளும் தொங்கிப்போனது அன்றைக்குத்தான், பிறகு நிமிரவே இல்லை.

அவர் ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தது. மேசையைக் காலி செய்யும்போது ஒரு பழைய ஃபைலிலிருந்து டாக்டர் சான்றிதழ் ஒன்று விழுந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தையுடையது. அந்த வீட்டுக்கு இரண்டு மாதம் முன்புதான், ‘துரதிர்ஷ்டவசமாக, தங்கள் மருத்துவச் சான்றிதழ் வந்து சேராததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது’ என்று அனுப்பியிருந்தோம். சான்றிதழ் வந்திருக்கிறது. அதே பெயருள்ள வேறொரு குழந்தையின் ஃபைலில் இவர்தான் சொருகியிருக்கிறார். கடிதத்தை அடித்தவள் நான்.

கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றேன். சொன்னேன்தான், மறைப்பானேன்? தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் விண்ணப்பத்தை மறுபடி எடுப்பார்கள். ஒப்புக்கொண்டால் விசாரணை, அது முடியும்வரை பென்ஷன் வராது. தனி ஆள், வாடகை வீடு. அதிகாரியும் இதையே சுற்றி வளைத்துச் சொன்னார். மறுநாள் காலை அக்கா என் மேசையில் ஒரு தாளை வைத்தார். ‘சான்றிதழ் வந்தது. நான் வேறு ஃபைலில் வைத்துவிட்டேன்.’ அவ்வளவுதான் இருந்தது. வழக்கமான வார்த்தையைக் காணோமே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். நேரில் போய்ச் சொல்ல வேண்டும், கூட வா என்று பிடித்துக்கொண்டார். சாயங்காலம் இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இந்த வயதில் இது தேவையா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பின்னால் ஏறினேன்.

கதவைத் திறந்தது குழந்தையின் அம்மா. எந்த அலுவலகம் என்று சொன்னதுமே பொரிந்து தள்ள ஆரம்பித்தாள். எல்லாம் தன் வீட்டுக்காரர் பண்ணின வேலையாம். தபாலில் சேர்க்கச் சொன்ன சான்றிதழை எங்கேயோ தொலைத்துவிட்டு, போட்டேன் போட்டேன் என்று சாதிக்கிறாராம். அவர் அம்மாவே அவரை நம்பவில்லையாம். இரண்டு மாதமாக இவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் உள்ளே தரையில் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூட ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அக்காவின் கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டது.

“அவர் ஒழுங்காத்தான் அனுப்பியிருக்காரும்மா. எங்களுக்கு வந்துச்சு. நான்தான் வேற ஃபைல்ல வச்சிட்டேன். இப்ப எழுதிக் குடுத்திருக்கேன், குழந்தைக்குக் கருவி வந்துடும்.”

அந்தப் பெண் எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள், அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். அவர் ஷூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கையெல்லாம் பாலிஷ் கறுப்பு.

“நீங்க சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்குறீங்களா? வாயால சொன்னா எங்க வீட்டுல எடுபடாது. நீங்க முன்னாடி அனுப்பின லெட்டரைத்தான் எல்லாரும் நம்புறாங்க.”

அக்கா என் பையிலிருந்து தாளை வாங்கி, கதவு மேலேயே வைத்து எழுதினார். அழுத்தி எழுதியதில் இரண்டு இடத்தில் பேனா ஓட்டை போட்டது. அந்த மனிதர் அதை இரண்டு முறை படித்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.