வேண்டுதல் புல்

எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் வரிசையாக நிற்கிற மண் குதிரைகளுக்கு நடுவே உயிருள்ள குதிரை ஒன்றும் இருந்தது. பெயர் வெள்ளையன். திருமயம் பக்கத்துக் குமரப்பன் வீட்டுக் குதிரை அது. எத்தனையோ மாப்பிள்ளை அழைப்புகளில் அலங்காரத்தோடு நடந்திருக்கிறது. வயதாகி முழங்கால்கள் வீங்கியதும், வைத்துப் பார்க்க மனசில்லாத குமரப்பன் அதைக் கோயிலுக்கு விட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டார். கூடவே குதிரைக்காரர் செல்லமுத்துவும் வந்து சேர்ந்தார். அவரை யாரும் அனுப்பவில்லை. அதைத் தனியே விட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கொட்டிலில் கால் அழுந்தாமல் இருக்க மணல் பரப்பினார். காலையில் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பார். பிறகு கண்மாய்க் கரை வரை மெல்ல நடத்திப் போவார். வெள்ளையன் நின்றால் அவரும் நிற்பார்.

"எனக்குந்தான் மூட்டு வலிக்குது. ஒரு நாளாச்சும் ஒத்தடம் குடுத்திருக்கீங்களா?" என்பாள் அவர் மனைவி கண்ணாத்தாள்.

"அது வாயத் தொறக்காம நிக்கும். நீ நிப்பியா?" என்பார்.

கீரனூரிலிருந்து வந்து பார்த்த கால்நடை டாக்டர் சத்யா, "வயசான மூட்டு, புதுசாகாது. ஆனா இப்பிடியே பாத்துக்கிட்டா இன்னும் சில வருசம் நல்லா இருக்கும்" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் செல்லமுத்து நடமாடினார்.

புரவி எடுப்புத் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். புது மண் குதிரைகளைச் சுமந்து போகும் ஊர்வலத்துக்கு முன்னால் வெள்ளையன் நடக்க வேண்டும் என்று கமிட்டித் தலைவர் சிவபிரகாஷுக்கு ஆசை. நொண்டுகிற குதிரை எப்படி நடக்கும்? அதன் கால் சரியாக வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொண்டது. வீட்டுக்கு ஒரு கட்டுக் காய்ந்த புல் காணிக்கை.

வற்றிக் கிடந்த கண்மாயில் அகப்பட்டதையெல்லாம் அறுத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். பாதி புல், பாதி கிலுகிலுப்பைச் செடி. கட்டைத் தூக்கினால் உள்ளே காய்ந்த காய்கள் கலகலவென்று சத்தம் போட்டன. பச்சையாக நிற்கிற அந்தச் செடியைக் குதிரை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போகும். காய்ந்து புல்லோடு கலந்துவிட்டால் தெரியாமல் தின்னும், ஈரல் கெடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்லமுத்து கட்டுகளைப் பிரித்து, செடிகளைப் பொறுக்கிக் குப்பைக் குழியில் போட்டார். கட்டு கொண்டுவந்தவர்களில் ஒருத்தியான பிரகதீஸ்வரி அதைப் பார்த்துவிட்டாள்.

"வெரதம் இருந்து அறுத்துக் கொண்டாந்தேங்க! அதப் போயி குப்பையில போடுறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?"

கமிட்டி கூடியது. "அது வெசம். டாக்டரம்மாவே சொன்னாங்க" என்றார் செல்லமுத்து.

"ஊசி போடுறது அவங்க வேலை. வேண்டுதல் எங்க வேலை. சாமிக்கு வந்ததுல நல்லது கெட்டது பாக்க நீங்க யாருங்க? திருவிழா முடியிற மட்டும் கொட்டில் பக்கம் வராதீங்க" என்றார் சிவபிரகாஷ். கொட்டிலுக்குப் பூட்டும் போட்டார்கள்.

சில வாரங்களில் வெள்ளையன் நடக்க ஆரம்பித்தது. கொட்டிலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, தண்ணீருக்குக்கூட நிற்காமல் நடந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வீடியோ வாட்ஸ்அப்பில் பறந்தது. இன்னும் கட்டுக் கட்டாகப் புல் வந்தது. வேலிக்கு வெளியே நின்ற செல்லமுத்துவுக்குத்தான் அதன் விலா எலும்பும் மஞ்சள் பூத்த கண்ணும் தெரிந்தன.

"இது நடையில்லய்யா, கிறுக்கு! ஈரல் போயி மூளை கொழம்பிருச்சு!" என்று கத்தினார். அவர் பதறிக் கூப்பிட்டதும் ஓடிவந்த டாக்டரும் அதையேதான் சொன்னார், இனிமேல் காப்பாற்ற முடியாது என்றும் சொன்னார். நடக்கிற குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு இரண்டும் ஏறவில்லை.

திருவிழா அன்று வெள்ளையன் மாலையோடு எல்லோருக்கும் முன்னால் நடந்தது. கோயில் வாசலில் எல்லோரும் நின்றார்கள், அது நிற்கவில்லை. நேரே போய் மதிலில் நெற்றியை முட்டி, விலகத் தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்து, அங்கேயே சரிந்தது.

"சாமியக் கும்பிட்டுக்கிட்டே போயிருச்சு" என்று அழுதார் சிவபிரகாஷ். உண்மையான அழுகைதான். அதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

புதைத்த இடத்தில் ஒரு மண் குதிரையை நிறுத்தினார்கள். குதிரையைப் பார்த்துக்கொண்டவர் என்று செல்லமுத்துவுக்குப் பரிவட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். அவர் தலையைக் கொடுக்கவில்லை. கடைசியாக ஒரு கட்டோடு வந்த பிரகதீஸ்வரி, இதை எங்கே போடுவது என்று தயங்கி நின்றாள். செல்லமுத்து அதை வாங்கினார். கலகலவென்று சத்தம் வந்தது. பிரிக்காமல் அப்படியே மண் குதிரையின் வாய்க்கு நேரே வைத்தார்.

"இதுக்கு எம்புட்டு வேணாலும் போடுங்க தாயி. இதுக்கு ஈரல் கெடையாது."