இரண்டு டப்பா மருந்து

போன வெள்ளிக்கிழமை மருமகள் சோபாவில் உட்கார்ந்து, பஞ்சை ஏதோ தண்ணியில் நனைத்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையில் வைத்திருந்த காப்பி புடவையில் கொட்டியது. “என்னத்தே, பேயைப் பாத்த மாதிரி?” என்று சிரித்தாள். வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அடுக்களைக்குள் போய்விட்டேன். நான் எப்போதுமே இப்படித்தான். யாராவது இரண்டு கேள்வி கேட்டால் அடுக்களைதான் எனக்குக் கதி.

துப்பாக்கி மருந்துக்கும் கிட்டத்தட்ட அதே வாடைதான். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது துபாயில், அல் குசைஸில் மகனோடு இருக்கிறேன். அப்போது நாங்கள் இருந்தது அல் ஐனில், ஒரு பெரிய வில்லாவின் பின்கட்டு ரூமில். எங்கள் வீட்டுக்காரர் அங்கே டிரைவர். நான் பெருக்கித் துடைக்கிற வேலை. வீட்டுப் பெரியவரை எல்லாரும் பாபா என்போம். மூன்று வருசத்தில் அவர் முன்னால் நான் நிமிர்ந்து நின்றதில்லை. வருசம் ஒருமுறை ஆப்பிரிக்காவுக்கு எருமை வேட்டைக்குப் போவார். அதற்கென்று பழைய காலத்து ரைஃபிள் ஒன்று வைத்திருந்தார். அதன் தோட்டா என் கட்டைவிரலைவிடத் தடிமன், கடையில் கிடைக்காது. அந்த வீட்டிலேயே வேலையாக இருந்த பெஷாவர் பக்கத்துக் கான் பாய் ஒவ்வொன்றாகக் கையால் செய்துகொடுப்பார். பித்தளைக் கூட்டில் மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்துகிற வேலை.

அவர் மருந்து வைத்து வேலை செய்கிற அறையில் மட்டும் ஏசியை நிறுத்தவே கூடாது. வெயிலில் மருந்து சூடேறினால் உள்ளே பிரஷர் கூடிவிடுமாம். சுட்ட பிறகு கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டு துப்பாக்கி திறக்காதாம், எருமை எதிரே வந்து நின்றாலும். எனக்கு எருமையைப் பற்றி அக்கறையில்லை. ஜூலை மாதத்தில் அந்தக் குளிருக்காகவே இரண்டுமுறை பெருக்குவேன்.

“பெஹன், உன் குக்கர்ல விசில் இருக்கு. இதுல விசில் மாஃபி” என்பார் கான் பாய். பெஹன் என்றால் தங்கச்சி, மாஃபி என்றால் இல்லை; மற்றதெல்லாம் தமிழ் டிரைவர்களோடு ஒரே ரூமில் கிடந்து கற்ற தமிழ். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. அலமாரியைத் துடைத்தேன். இரண்டு டப்பாவில் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இருந்தது. இரண்டும் கறுப்புதான், ஒன்று கொஞ்சம் பொடிசு, ஒன்று பெரிசு. மேலே இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழ். அரை டப்பா பருப்பு இரண்டு இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பொடிசைப் பெரிசோடு ஒன்றாகக் கொட்டினேன். நிரவிக்கொள்ளட்டும் என்று குலுக்கியும் வைத்தேன். காலி டப்பாவின் மூடி அருமையாக இறுகியது. காகிதத்தை ஊறவைத்து உரித்து, கழுவிக் காயவைத்து, எங்கள் ரூமில் மல்லித்தூள் போட்டுக்கொண்டேன்.

கான் பாய் திரும்பி வந்தார். பாபா அடுத்த வாரம் கிளம்புவதால் அவசரமாகத் தோட்டாக்களைச் செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் பாலைவனத்தில் சுட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் வெடியை எங்கள் வீட்டுக்காரரே சுடலாம் என்று பாபா சொல்லிவிட்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார்.

“ஏன் புள்ள, ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவமா?”

“போங்க, போயி வண்டிய எடுங்க” என்றேன்.

பாபா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கான் பாய் மட்டும் தோட்டாப் பெட்டியோடு எங்கள் வாசலுக்கு டீ குடிக்க வந்தார்.

“இன்னைக்கு உன் ஆளு தோள் நீலமாயிடும், பெஹன். எண்ணெய் தேய்ச்சு விடு” என்று சிரித்தார். பிறகு சும்மா பேச்சுவாக்கில், “ஒரு டப்பா காணோம். பாபா மகன் எடுத்துட்டான் போல. போகட்டும். அது சின்னத் துப்பாக்கி மருந்து, சட்டுனு எரியும். பெருசுல அது கலந்துச்சுன்னா குழாய் தாங்காது. சுடறவன் மூஞ்சி போயிடும்” என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்பு மேடையில் அந்த டப்பா இருந்தது.

வெளியே ஹாரன் அடித்தது. சொன்னால் வேலை போகும், விசா போகும், இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்த வெள்ளைச் சட்டை. கான் பாய் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வார்த்தை வரவேயில்லை. டப்பாவை எடுத்து அவர் காலடியில் மல்லித்தூளைக் கொட்டினேன். காலி டப்பாவை இன்னொரு டம்ளருக்குள் கவிழ்ப்பதுபோல் கவிழ்த்துக் காட்டினேன். ஒருமுறை, இரண்டுமுறை.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். குறடு எடுத்துவந்து ஒரு தோட்டாவைப் பிரித்து, என் டீ சாஸரில் கொட்டினார். பெரிய மணிகளுக்கு நடுவே பொடி மணிகள்.

“யா அல்லாஹ்” என்றார், மூச்சுக்கூட வெளியே கேட்காமல். பிறகு என்னைப் பார்த்து, “நீ உள்ள போ” என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு எதையோ சொன்னார். பாபா கத்தினார். “கலாஸ்! கலாஸ்!”, எல்லாம் முடிந்தது என்பது மட்டும் புரிந்தது. தன் கையால்தான் மருந்து கலந்துபோயிற்று என்று கான் பாய் சொன்னாராம். இது எனக்கு எங்கள் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். “ஆளுக்குக் கண்ணு தெரியல புள்ள. நல்லவேளை, அவராவே பாத்துட்டாரு. என் வெடிதான் போச்சு” என்று சட்டையைக் கழற்றினார். நான் மல்லித்தூளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே கான் பாயை அனுப்பிவிட்டார்கள். இருபது வருசம் இருந்த மனிதர். டாக்ஸியில் ஏறும்போது அடுக்களைப் பக்கம் கையை உயர்த்தினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஊர் பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பாபா போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. வில்லா இருந்த இடத்தில் இப்போது ஆறு மாடிக் கட்டடமாம். எங்கள் வீட்டுக்காரரும் ஆறு வருசத்துக்கு முன்னால் போய்விட்டார், கடைசிவரை கான் பாய்க்குக் கண் தெரியாது என்றே நம்பிக்கொண்டு. இந்த வயதில் எனக்குக் கொஞ்சம் பேச வருகிறது. லிப்டில் வருகிறவர்களிடம் பேசுகிறேன், மருந்துக்கடைப் பையனிடம் பேசுகிறேன். இதைக் கேட்டிருக்க வேண்டிய மூன்று பேரில் இரண்டு பேர் இல்லை, கான் பாய் எங்கே என்று தெரியாது.