பாலைவனத்தில் ஒரு மினசோட்டா கம்பளி

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில் நடந்தது இது. ஓமன் நாட்டில், மஸ்கட்டின் ரூவி பகுதியில் மனைவி, மகளோடு குடியிருக்கிறேன். கட்டுமான கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர் வேலை. அப்போது எங்கள் சைட், நகரத்தை விட்டு இரண்டரை மணி நேரம் உள்ளே தள்ளிப் பாலைவனத்தில் இருந்தது.

அந்த மாதம் ஆலோசகராக ஓர் அமெரிக்கப் பெண்மணி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். சொந்த மாநிலம் மினசோட்டா. கனடாவை ஒட்டினாற்போல் வடக்கே இருக்கிறது. அவரைத் தினமும் சைட்டுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வழியெல்லாம் ஊர்ப் பெருமைதான். குளிர்காலத்தில் மைனஸ் முப்பது வரை இறங்குமாம். உறைந்த ஏரியின் மேல் காரை ஓட்டிப் போய், ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்களாம். மிசிசிப்பி ஆறு அங்கேதான் ஓர் ஏரியில் பிறக்கிறது, அந்த இடத்தில் கல்மேல் கால் வைத்தே அதைத் தாண்டிவிடலாம் என்றார். வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று எழுதியிருக்குமாம். நான் மரியாதைக்குத் தலையாட்டுவேன். இந்த அம்மா நம்ம வெயிலுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஆபீசில் அவருக்குப் 'பனிக்கரடி' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவானும் நான்தான்.

அதைவிடச் சிரிப்பு, அவருடைய பெட்டி. முதல் நாளே என் வண்டி டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை ஏற்றினார். தண்ணீர் பாட்டில்கள், டார்ச், விசில், கயிறு, பிஸ்கட், இவற்றோடு கனமான ஒரு கம்பளி. ஐம்பது டிகிரியைத் தொடுகிற வெயிலில் கம்பளி! அவர் ஊரில் லைசென்ஸ் கையில் வந்ததும் முதலில் இந்தப் பெட்டியைத்தான் தயார் செய்வார்களாம். பனியில் வண்டி சிக்கிக்கொண்டால் உதவி வரப் பல மணி நேரம் ஆகும். வண்டிக்குள்ளேயே இருப்பவர் பிழைப்பார், இறங்கி நடப்பவர்தான் சாவார் என்றார். அன்று வீட்டில் இதைச் சொல்லி நானும் மனைவியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். பதினோரு மணிக்கு சைட்டில் முக்கியமான மீட்டிங். நாங்கள் கிளம்பியதே தாமதம். போன் சிக்னல் கிடைக்காத ஒரு நீண்ட சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, ஓரமாக ஒரு பிக்கப் வண்டி பானட்டைத் திறந்தபடி நின்றது. அவர் நிறுத்தச் சொன்னார். நான் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை.

"காலி வண்டி மேடம். யாராவது லிஃப்ட் கொடுத்திருப்பார்கள்" என்று சொல்லி ஆக்சிலேட்டரை மிதித்தேன். முழு உண்மை அதுவல்ல. இங்கே பல வருடம் இருந்தவனுக்கு ஒரு பயம் ஊறிப்போயிருக்கும். தெரியாத ஆளை வண்டியில் ஏற்றி, அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும், விசாவுக்கே வேட்டு. ஆகவே காலி வண்டியைப் பார்த்ததும் எனக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஐந்து நிமிடம் அவர் பக்கக் கண்ணாடியில் பின்னால் போகும் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அமைதியான குரலில், "எங்கள் ஊரில் காலி வண்டியைப் பார்த்தால்தான் பயப்படுவோம். திருப்புங்கள்" என்றார். மீட்டிங் என்று இழுத்தேன். "திருப்புங்கள்" என்றார் மறுபடி. முணுமுணுத்துக்கொண்டே திருப்பினேன்.

பிக்கப்புக்குப் பக்கத்திலிருந்து மணலில் காலடித் தடம் போனது, தூரத்தில் தெரிந்த மேட்டைப் பார்த்து. சிக்னல் கிடைக்குமா என்று தேடிப் போயிருக்க வேண்டும். தடத்தைப் பிடித்து இருவரும் வேகமாக நடந்தோம். அரை கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரு முள்மரத்தடியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்தார். கையில் போன். உதடு வெடித்து, உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

அந்த அம்மா ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. என்னை ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி வரச் சொன்னார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் கம்பளியில் ஊற்றி, அந்த ஆளைக் கழுத்துவரை சுற்றினார். தன் தொப்பியால் விசிறினார். கண் திறந்த பிறகு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தார். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். கடைசியில் அந்த ஆளின் வாயிலிருந்து வந்தது தமிழ்.

"வெள்ள வண்டி ஒண்ணு போச்சுண்ணே... இங்கேருந்தே கையத் தூக்குனேன். நிக்கல."

என் வண்டி வெள்ளை. என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன். அந்த வார்த்தை வாயை விட்டுப் போனபோது கூசிய கூச்சம் இன்னும் மறக்கவில்லை.

இருவருமாகத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றி, அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். எந்தப் போலீசும் என்னைப் பிடிக்கவில்லை. வந்த போலீஸ்காரர் கை குலுக்கிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தனியாகப் போய் அவரைப் பார்த்தேன். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், தண்ணீர் கேன் டெலிவரி டிரைவர். அன்று எல்லா கேனையும் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வழியில்தான் வண்டி நின்றுபோயிருக்கிறது. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "தம்பி, நிக்காமப் போன அந்த வெள்ள வண்டி என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"திரும்பி வந்தீங்கள்லண்ணே" என்றார்.

திருப்பியது நான் இல்லை என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மா ஊருக்குப் போகும் நாளில் பெட்டியை என் டிக்கியிலேயே விட்டுவிட்டுப் போனார். துவைத்து மடித்த கம்பளி இன்றும் அதில் இருக்கிறது. மனைவி இப்போது சிரிப்பதில்லை. சாலையோரம் எந்த வண்டியைப் பார்த்தாலும் நிற்கிறேன், ஆளில்லாத வண்டி என்றால் இறங்கி மணலில் காலடி தேடுகிறேன், ஏனென்றால் 'உள்ளே யாருமில்லை' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எவ்வளவு சுலபம் என்று என்னை விட யாருக்குத் தெரியும்?